கைத்துப்பாக்கிக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்? ஏர் பிஸ்டல், .22, 9 மி.மீ. மூன்றில் எதில் தொடங்கலாம்

சுடுதளத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவார்கள்: "இது எவ்வளவு அக்யூரேட்?" இந்தக் கேள்விக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு பெரிய வட்டத்துக்குள், எத்தனை வினாடியில் தோட்டா விழ வேண்டும் என்று தெரிந்தால்தான் ஒரு துப்பாக்கியின் துல்லியம் போதுமா, போதாதா என்று சொல்லலாம். அதற்கும் மேலே, சுடுகிற கை எவ்வளவு துல்லியமானது என்று தெரிய வேண்டும். பணத்தை எதில் போடுவது என்பதை முடிவு செய்வது அந்தக் கடைசிக் கேள்விதான். தலைப்பில் உள்ள ஏர் பிஸ்டல் காற்றழுத்தத்தால் சுடுவது; .22 (அங்குலம்), 9 மி.மீ. என்பவை வெடிமருந்துத் தோட்டாக்களின் விட்டம்.

அக்கா மகன் தேசிய சேவை முடித்த கையோடு என்னிடம் வந்தான். "மாமா, நான் ஆர்மியில மார்க்ஸ்மேன். நேரா 9 மி.மீ.-லயே ஆரம்பிச்சுக்கலாம்ல? தற்காப்புக்குன்னு செய்யற துப்பாக்கிதானே ரொம்ப துல்லியமா இருக்கும்?" மார்க்ஸ்மேன் என்பது ரைஃபிளில் நன்றாகச் சுடுகிறவருக்கு ராணுவம் தரும் தகுதி. இரண்டு கேள்விகளும் நியாயமானவை. அவனைப் போல யோசிக்கிறவர்கள் இங்கே நிறைய பேர் இருப்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். சிங்கப்பூரில் சாதாரணக் குடிமகன் தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ள வழியில்லை. 1973-ஆம் ஆண்டு ஆயுதக் குற்றங்கள் சட்டப்படி, அனுமதியில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறை, குறைந்தது 6 பிரம்படி. குற்ற நோக்கத்தோடு சுட்டால், சுட முயன்றால்கூட, மரண தண்டனை. ஏர் பிஸ்டலும் கட்டுப்பாட்டுக்குள்தான் வருகிறது. அதனால் இங்கே கைத்துப்பாக்கி என்றால் விளையாட்டு. மன்றத்தில் சேர்ந்து, சுடுதளத்தில் சுட்டுவிட்டு, துப்பாக்கியை அங்கேயே ஒப்படைத்துவிட்டு வீட்டுக்கு வர வேண்டும். தற்காப்புத் துப்பாக்கி பற்றிய கேள்வி நமக்குத் தேவைப்படுவது ஒரு காரணத்துக்காகத்தான்: போலீசும் ராணுவமும் வைத்திருக்கும் 9 மி.மீ. சர்வீஸ் பிஸ்டல் எதற்காகச் செய்யப்பட்டது என்று புரிந்தால், அதில் பழகத் தொடங்குவது சரியா என்பதும் புரிந்துவிடும்.

மூன்று துப்பாக்கிகளும் சந்திக்க வேண்டிய குறிகளைப் பாருங்கள். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் குறி அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மி.மீ. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். 25 மீட்டர் .22 போட்டியின் துல்லியச் சுற்று அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 50 மி.மீ. தற்காப்புக்கு என்று வரும்போது, பல நாடுகளில் பயிற்சியாளர்கள் சொல்லும் தோராயமான அளவு சாப்பாட்டுத் தட்டு. சுமார் 20 செ.மீ. விட்டம், 7 மீட்டர் தூரம். தூரங்கள் வேறு வேறு என்பதால் மூன்றையும் 10 மீட்டருக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டேன். ஏர் பிஸ்டல் வட்டம் 1.15 செ.மீ., .22 வட்டம் 2 செ.மீ., தட்டு 28 செ.மீ.-க்கும் மேலே. ஏர் பிஸ்டல் வீரர் தேடும் வட்டத்தைவிடத் தற்காப்புக் குறி விட்டத்தில் 25 மடங்கு பெரியது!

இப்போது துப்பாக்கிகள் பக்கம் வருவோம். சாதாரண 9 மி.மீ. சர்வீஸ் பிஸ்டலை இடுக்கியில் கட்டி நல்ல தோட்டா போட்டுச் சுட்டால், 25 மீட்டரில் 5 முதல் 10 செ.மீ. குரூப் விழும், அதாவது தோட்டாத் துளைகள் எல்லாம் அந்த அகலத்துக்குள் அடங்கும். 10 செ.மீ. என்றே வைத்துக்கொண்டாலும் 7 மீட்டரில் அது 3 செ.மீ.-க்குள் சுருங்கிவிடும். தட்டோ 20 செ.மீ. அதாவது தற்காப்பு வேலைக்குத் தேவையானதைவிட ஏழு மடங்கு துல்லியம் அந்தத் துப்பாக்கியில் பிறக்கும்போதே இருக்கிறது. இன்னும் துல்லியமான குழல், இன்னும் இறுக்கமான பொருத்தம் என்று அதற்குமேல் செலவழிப்பது தட்டில் ஒரு மாற்றத்தையும் காட்டாது. இறுக்கம் கூடினால், தூசியும் புகையும் சேரும்போது அடைத்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடும். காவல்துறைகள் துல்லியத்தைவிட ஒவ்வொரு முறையும் தவறாமல் சுடும் நம்பகத்தைக் கேட்டு வாங்குவதற்கு இதுவே காரணம். நம்ம ஊர்ப் போலீஸ்காரர்களின் இடுப்பில் பல காலம் இருந்த ஐந்து தோட்டா டாரஸ் ரிவால்வரும் சரி, அதற்கு அடுத்து வந்த கிளாக் பிஸ்டலும் சரி, போட்டி அட்டைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

அப்படியானால் உண்மையான சம்பவங்களில் ஏன் தோட்டாக்கள் தவறுகின்றன? நியூயார்க் காவல்துறையின் துப்பாக்கிப் பயிற்சி பற்றி ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 1998 முதல் 2006 வரையிலான சம்பவங்களில், எதிராளியும் திருப்பிச் சுட்டபோது போலீஸ் சுட்ட தோட்டாக்களில் 18 சதவீதம்தான் பட்டிருக்கின்றன. எதிராளி சுடாதபோது 30 சதவீதம். இவர்கள் எல்லோரும் சுடுதளத் தேர்வில் தேறியவர்கள். துப்பாக்கிகளும் நல்லவை. ஆனால் அந்தக் காலத்தில் அங்கே கிளாக் துப்பாக்கிகளின் விசையை (டிரிகரை) இழுக்கத் தேவையான பலத்தை 12 பவுண்டு, அதாவது ஐந்தரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக, கூட்டி வைத்திருந்தார்கள். ஒரு கிலோகூட இல்லாத துப்பாக்கியை அதன் எடையைப்போல் பல மடங்கு பலத்தால் இழுக்கும்போது குழல் அசையாமல் இருக்குமா? அதோடு பயம், இருட்டு, ஓட்டம் எல்லாம் சேர்கின்றன. துப்பாக்கியின் துல்லியம் இந்தக் கணக்கில் கடைசி வரிசையில்தான் நிற்கிறது.

அடுத்து, நான் முக்கியமென்று நினைக்கும் இரண்டு கணக்குகள். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலாவது சைட் கணக்கு. சைட் என்பது குறிபார்க்க உதவும் அமைப்பு. துப்பாக்கியின் முனையில் ஒரு சைட், பின்னால் பள்ளத்தோடு ஒரு சைட். பின் சைட்டின் பள்ளத்துக்கு நடுவே முன் சைட் நிற்க வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், மேல்விளிம்புகள் சமமாக இருக்க வேண்டும். இதில் முன் சைட் 1 மி.மீ. பக்கவாட்டில் விலகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏர் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 30 செ.மீ.-க்கு மேல் இருக்கும். அந்த 1 மி.மீ. பிழை 10 மீட்டரில் 3 செ.மீ. ஆகும். பத்துப் புள்ளி போய் ஏழு. .22 போட்டித் துப்பாக்கியில் இடைவெளி அதிகபட்சம் 22 செ.மீ. 25 மீட்டரில் பிழை 11 செ.மீ.-ஐத் தாண்டும். பத்து போய் ஆறு. சிறிய 9 மி.மீ. பிஸ்டலில் இடைவெளி சுமார் 15 செ.மீ. அதே 25 மீட்டர் அட்டையில் 16 செ.மீ.-க்கும் மேலே தள்ளிப்போய் நாலு புள்ளி கிடைக்கும். ஆனால் அதே துப்பாக்கி, அதே பிழை, 7 மீட்டரில் தட்டு: 5 செ.மீ.-க்குள்தான் விலகும். தோட்டா தட்டுக்குள்ளேயே விழும்.

இங்கேதான் மார்க்ஸ்மேன் பேட்ஜ் கைகொடுக்காது. தேசிய சேவையில் நாம் சுட்ட எஸ்.ஏ.ஆர். 21 ரைஃபிள் தோளில் அணைத்துச் சுடுவது, அதற்குச் சின்ன டெலஸ்கோப்பும் உண்டு. தோள், கன்னம், இரண்டு கை, படுத்தால் தரையும் தாங்கும். கைத்துப்பாக்கியைத் தாங்க மணிக்கட்டு மட்டும்தான். என் அனுபவத்தில், ரைஃபிளில் கெட்டிக்காரர்கள்தான் பிஸ்டலில் முதல் நாள் அதிகம் மனம் சோர்ந்து போகிறார்கள்.

இரண்டாவது, பிழைகள் எப்படிச் சேர்கின்றன என்பது. துப்பாக்கியின் சிதறலும் கையின் சிதறலும் அப்படியே கூடுவதில்லை. இரண்டையும் வர்க்கம் எடுத்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். புதியவர் ஒருவரின் கை 25 மீட்டரில் 20 செ.மீ. குரூப் போடுகிறது, துப்பாக்கி 10 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் விழுவது 22 செ.மீ. சுற்றி. அவர் பல ஆயிரம் வெள்ளி கொடுத்து 5 செ.மீ. போடும் துப்பாக்கிக்கு மாறினால்? 20.6 செ.மீ. வித்தியாசம் இரண்டு செ.மீ.கூட இல்லை, கண்ணுக்கே தெரியாது. இப்போது நன்றாகப் பழகிய ஒருவர். அவர் கை 5 செ.மீ. போடும். 10 செ.மீ. துப்பாக்கியில் அவருக்கு 11 செ.மீ. விழும், 5 செ.மீ. துப்பாக்கியில் 7 செ.மீ. அவருக்கு அந்தச் செலவு நியாயம். ஆக, விலை உயர்ந்த துல்லியம் யாருக்குப் பயன்படும் என்றால், ஏற்கெனவே துல்லியமாகச் சுடுகிறவருக்கு. மற்றவர்களுக்கு அதே பணம் தோட்டாவாகவும் பயிற்சியாளர் கட்டணமாகவும் மாறினால் பத்து மடங்கு பலன்.

இந்த இரண்டு கணக்கையும் மனதில் வைத்துக்கொண்டு மூன்று தேர்வுகளையும் பார்க்கலாம்.

ஏர் பிஸ்டலைத்தான் நான் முதலில் பரிந்துரைக்கிறேன். விசையை இழுக்கும் பலம் குறைந்தபட்சம் 500 கிராம், துப்பாக்கி எடை அதிகபட்சம் 1.5 கிலோ, ஒரு கையால் மட்டும் பிடிக்க வேண்டும். தோட்டாவுக்குப் பதில் 4.5 மி.மீ. பெல்லட் என்ற சின்னக் குண்டு. நல்ல போட்டி ஏர் பிஸ்டலைத் தொழிற்சாலையிலேயே இடுக்கியில் கட்டிச் சுட்டுப் பார்த்து, அந்த அட்டையையும் பெட்டியில் வைத்து அனுப்புவார்கள். ஐந்து பெல்லட்டும் ஒரே ஓட்டை போலத் தெரியும். அதனால் அட்டையில் ஏழு விழுந்தால் யார் காரணம் என்று சந்தேகமே வராது. சுடும்போது கையைப் பின்னால் தள்ளும் உதை கிடையாது, சத்தம் மெல்லியது. கண்ணை மூடுவதற்கும் தோளை இறுக்குவதற்கும் காரணம் இல்லாததால், சைட்டையும் விசையையும் மட்டும் கவனிக்கலாம். பெல்லட் மெதுவாகப் போவதால், சுட்ட பிறகும் ஒரு நொடி அசையாமல் நிற்கக் கற்றுக்கொண்டே ஆக வேண்டும். அந்தப் பழக்கம் மற்ற எல்லாத் துப்பாக்கிக்கும் உதவும். செலவும் குறைவு, பெல்லட் மலிவு. குளிரூட்டிய அறையில் சுடலாம் என்பதும் நம்ம ஊர் வெக்கைக்கு ஒரு நன்மை.

சிங்கப்பூர் இதில் சாதித்தும் இருக்கிறது. 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் பெண்கள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் தியோ ஷுன் சியே தங்கம் வாங்கினார். பாரிஸ் 2024 ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் இதே போட்டியில் வெண்கலம் வென்ற காட்சியை நம் வீடுகளில் எத்தனை பேர் எழுந்து நின்று பார்த்தோம்! அதே பாரிஸில் சாதாரணக் கண்ணாடியோடு, ஒரு கையைக் காற்சட்டைப் பையில் விட்டுக்கொண்டு சுட்ட துருக்கியின் யூசுஃப் டிகெச் படம் எல்லோர் கைப்பேசிக்கும் வந்தது. "பாரு, அவருக்கு ஒரு கருவியும் தேவையில்ல" என்று பலர் சொன்னார்கள். அவர் கையில் இருந்தது உயர்தரப் போட்டி ஏர் பிஸ்டல்தான். ஆனால் அந்தத் துப்பாக்கியின் துல்லியத்தைப் பயன்படுத்தத் தெரிந்த கை அது. கண்ணுக்கு முன் பொருத்தும் லென்ஸும் மறைப்பும் இருந்தால் வசதி, அவ்வளவுதான்.

ஏர் பிஸ்டலுக்குக் குறையும் உண்டு. வேகமாகச் சுடுவது, இரண்டு கையாலும் பிடிப்பது, உதையை அடக்குவது இதெல்லாம் அதில் வராது. பலருக்கு ஒரு கட்டத்துக்கு மேல் சலிக்கும். அட்டையில் எண் ஏறாத வாரங்களில் தனியாக நிற்பது போல இருக்கும். அதைத் தாங்கக்கூடிய குணமா உங்களுக்கு என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

.22 நடுவழி. விசை 1 கிலோ, உதை மெல்லியது, தோட்டா 9 மி.மீ.-ஐவிட மலிவு. பெண்கள் 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் அமைப்பே துல்லியத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவை அழகாகக் காட்டுகிறது. முதல் 30 தோட்டா துல்லியச் சுற்று, ஐந்து தோட்டாவுக்கு ஐந்து நிமிடம். அடுத்த 30 தோட்டா வேகச் சுற்று: குறி 3 வினாடி திறக்கும், 7 வினாடி மூடும், ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு தோட்டா. வேகச் சுற்று அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் 100 மி.மீ., துல்லியச் சுற்றைப் போல் இரு மடங்கு. நேரம் குறைந்தால் வட்டம் பெரிதாக வேண்டும் என்று விதி எழுதியவர்களே ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். பள்ளியில் என்.பி.சி.சி. என்ற காவல்துறை மாணவர் படையில் இருந்த பிள்ளைகளுக்கு .22 ரிவால்வர் ஏற்கெனவே கையில் பட்டிருக்கும். அவர்களுக்கு இது இயல்பான அடுத்த படி. சுடுதளம் தூரம் என்பதுதான் சங்கடம். சுவா சூ காங் பக்கம் போய் வர அரை நாள் போய்விடும். வேலை, குடும்பம் என்று இருப்பவர்கள் மாதம் எத்தனை முறை போக முடியும் என்று நேர்மையாகக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

9 மி.மீ. கடைசியாக. அதன் மீது எனக்கு ஒரு வெறுப்பும் இல்லை. சரியாகச் சுட்டால் அது தரும் மகிழ்ச்சியே வேறு. ஆனால் பழகத் தொடங்க அது மிக மோசமான ஆசிரியர், ஏனென்றால் தவறை மறைத்துவிடும். உதையும் சத்தமும் சேர்ந்து, தோட்டா கிளம்புவதற்கு முன்பே கை குழலைக் கீழே அழுத்தும். சுடுகிறவருக்கு அது தெரியவே தெரியாது, "சைட் சரியில்லை" என்பார். இதைக் காட்ட ஒரு பழைய வழி இருக்கிறது. பயிற்சியாளர் மேகசினில் (தோட்டாக் கூட்டில்) நல்ல தோட்டாக்களுக்கு நடுவே ஒரு போலித் தோட்டாவைக் கலந்து கொடுப்பார். அந்தத் தோட்டா வரும்போது விசை 'டிக்' என்று மட்டும் விழும், உதை வராது. ஆனால் துப்பாக்கி முனை சட்டென்று கீழே குத்தும். பக்கத்தில் நிற்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் குத்தல் 7 மீட்டரில் தட்டின் அடிப்பக்கத்தில் ஓட்டை போடும். 25 மீட்டரில் அட்டையே கிடைக்காது. என் அக்கா மகன் கையிலும் அதே குத்தல்தான் வந்தது. அப்புறம் அவன் சைட்டைப் பற்றிப் பேசவில்லை.

வேகம்தான் உங்களுக்குப் பிடிக்கிறது என்றால், வேகத்தையும் துல்லியத்தையும் சேர்த்து மதிப்பிடும் பிராக்டிக்கல் ஷூட்டிங் போட்டியின் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்கு விதி வகுக்கும், 1976-இல் தொடங்கிய ஐ.பி.எஸ்.சி. அமைப்பு, புள்ளிகளை நேரத்தால் வகுக்கிறது. குறியின் நடுப்பகுதி 5 புள்ளி, 9 மி.மீ. போன்ற மிதமான தோட்டாவுக்கு அடுத்த பகுதி 3, வெளிப்பகுதி 1. ஆறு தோட்டாவையும் நடுவில் போட்டு 6 வினாடி எடுத்தால் 30-ஐ 6-ஆல் வகுக்க 5. ஐந்தை நடுவிலும் ஒன்றை அடுத்த பகுதியிலும் போட்டு 5 வினாடியில் முடித்தால் 28-ஐ 5-ஆல் வகுக்க 5.6. கொஞ்சம் துல்லியம் விட்டுக்கொடுத்தவர் ஜெயிக்கிறார். ஆனால் முழுதாகக் குறி தவறினால் புள்ளி கழியும், அங்கே வேகத்தால் சம்பாதித்ததெல்லாம் போய்விடும். தற்காப்புத் துப்பாக்கியின் தேவையும் இதே இடத்தில்தான் நிற்கிறது: போதுமான துல்லியம், அதை எவ்வளவு சீக்கிரம், எத்தனை முறை திரும்பத் திரும்பக் கொண்டுவர முடிகிறது என்பது. அந்தப் 'போதுமான' இடத்தை அடைய விசையை அசையாமல் இழுக்கத் தெரிய வேண்டும். அதை மலிவாகவும் ஒளிவுமறைவில்லாமலும் கற்றுக்கொடுப்பது ஏர் பிஸ்டல்.

வீட்டில் பயிற்சி செய்யலாமா என்று கேட்பார்கள். மற்ற நாடுகளில் காலித் துப்பாக்கியை வைத்துச் சுவரைப் பார்த்து விசை இழுத்துப் பழகுவார்கள், டிரை ஃபயர் என்று பெயர். இங்கே துப்பாக்கி வீட்டுக்கு வராது. பொம்மைத் துப்பாக்கியோ மாதிரியோ வாங்கி வைத்துப் பழகலாம் என்ற யோசனை வேண்டவே வேண்டாம், அதுவும் சட்டச் சிக்கல். ஒரு லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையை நீட்டிப் பிடித்து மூச்சை நிதானப்படுத்துவதே தோளுக்கும் மணிக்கட்டுக்கும் நல்ல பயிற்சி. விசைப் பயிற்சியைச் சுடுதளத்திலேயே, பெல்லட் போடாமல் செய்யுங்கள். ஏர் பிஸ்டல்கள் பலவற்றில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருக்கிறது. சுடவந்த நேரத்தில் சுடாமல் நிற்பது வீண் என்று தோன்றும், தோன்றினாலும் செய்யுங்கள்.

சொந்தமாக எப்போது வாங்கலாம்? மன்றத் துப்பாக்கியிலேயே சுட்டு, அட்டைகளைத் தேதி போட்டு எடுத்து வையுங்கள். உங்களைவிடக் கெட்டிக்காரர் ஒருவரை அதே துப்பாக்கியில் ஐந்து சுடச் சொல்லுங்கள். அவர் குரூப் உங்களுடையதில் பாதி என்றால், துப்பாக்கியில் இன்னும் உங்களுக்கான இடம் மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம், வாங்க வேண்டாம். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டால் அந்தத் துப்பாக்கி உங்களைப் பிடித்து இழுக்கத் தொடங்கிவிட்டது, வாங்குங்கள். வாங்கும்போது குழலின் பெயரைப் பார்ப்பதற்கு முன் கைப்பிடியைப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் முதல் கணு விசையில் இயல்பாக உட்கார வேண்டும், கண்ணை மூடிக் கையை நீட்டித் திறந்தால் சைட்டுகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். கை சிறியவர்களும் இடதுகைக்காரர்களும் இதைச் சோதிக்காமல் பணம் கட்டாதீர்கள். கைப்பிடியைத் தேய்த்தும் பூசியும் சரிசெய்ய அரை நாள் உட்கார்ந்தால் போதும், பெரும்பாலும் அதற்குத் தனிச் செலவே ஆகாது.